குழாய்த் தண்ணீரே 29 டிகிரி என்றால் வோர்ட்டை 20 டிகிரிக்கு எப்படிக் கொண்டுவருவது?

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறை, சொந்தமாகக் காய்ச்சும் 20 லிட்டர் பேல் ஏல் பீர், கொதித்த வோர்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டிலிருந்து எடுத்த சாறு, ஈஸ்ட் போட்டால் பீராகும்) ஆறவைக்க அதற்குள் இறக்கும், 9.5 மி.மீ. செப்புக் குழாயில் சுற்றிய 7.5 மீட்டர் சுருள், குழாயில் வரும் தண்ணீர் 29 டிகிரி. இன்னொரு சின்னச் சுருளை 5 கிலோ ஐஸ் போட்ட வாளியில் வைத்து, தண்ணீரை அதன் வழியாகக் குளிரவைத்துத்தான் பெரிய சுருளுக்குள் விட்டிருக்கிறீர்கள். அப்படியும் 40 நிமிடம் கழித்து வோர்ட் 36 டிகிரியில் நிற்கிறது. பிளேட் சில்லர் (தகடுகளுக்கு இடையே ஓடவிட்டு ஆறவைக்கும் கருவி) வாங்குவதா, சுருளை 15 மீட்டராக்குவதா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 40 நிமிடம் ஏன் ஆனது என்பது ஒன்று, 36-க்குக் கீழே ஏன் இறங்கவில்லை என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஒரு நீளக் கரண்டி போதும். இரண்டாவதற்கு எந்தச் சில்லரும் உதவாது. ஐஸ்தான் வேண்டும், அதுவும் கடைசிக் கட்டத்தில்.

கணக்கைப் போட்டால் விஷயம் விளங்கிவிடும். 1.050 அடர்த்தியுள்ள 20 லிட்டர் வோர்ட்டின் எடை 21 கிலோ. அதை 1 டிகிரி இறக்க ஏறத்தாழ 84 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். 100-லிருந்து 35 வரை இறக்க 5,460 கிலோஜூல். 35-லிருந்து 20 வரை இறக்க 1,260 கிலோஜூல் மட்டுமே. ஆக, மொத்த வேலையில் ஐந்தில் நான்கு பங்கைக் குழாய்த் தண்ணீரே செய்துவிட முடியும், 29 டிகிரியாக இருந்தாலும். மீதி ஒரு பங்குக்குத்தான் அது லாயக்கில்லை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் உறிஞ்சும். உருகிய தண்ணீர் 10 டிகிரி வரை சூடேறுவதில் இன்னும் 40 சொச்சம். கொதிநிலையிலிருந்தே ஐஸை வைத்து இறக்கப் பார்த்தால் 17, 18 கிலோ கரையும். 35-லிருந்து தொடங்கினால் மூன்றரைக் கிலோ போதும்.

உங்கள் 5 கிலோ ஐஸ் எங்கே போனது என்பதும் இதிலேயே தெரியும். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீர் போகிறது, முதல் சுருள் அதை 29-லிருந்து 19-க்குக் குறைக்கிறது என்று வையுங்கள். அதற்கு நிமிடத்துக்கு முக்கால் கிலோ ஐஸ் உருக வேண்டும். ஆறேழு நிமிடத்தில் வாளி காலி. அந்த ஆறேழு நிமிடமும் வோர்ட் 70 டிகிரிக்கு மேலே சூடாக இருந்த நேரம். அப்போது 29 டிகிரித் தண்ணீரும் 19 டிகிரித் தண்ணீரும் செய்கிற வேலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஐஸ் தேவைப்பட்ட நேரத்தில் வாளியில் வெறும் தண்ணீர்தான் இருந்திருக்கும்.

ஆறும் வேகம் எப்போதும் வோர்ட்டுக்கும் உள்ளே ஓடும் தண்ணீருக்கும் உள்ள வெப்ப இடைவெளியைப் பொறுத்தது. உங்களுக்குத் தொடக்க இடைவெளி 71 டிகிரி. அது பாதியாக 5 நிமிடம் ஆனால், அந்தப் பாதி மறுபடி பாதியாகவும் அதே 5 நிமிடம் ஆகும். 5 நிமிடத்தில் 64, 10-ல் 47, 15-ல் 38, 20-ல் 33. அதற்குப் பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருக்கும், 29-ஐ ஒருபோதும் தொடாது. குழாயில் 10 டிகிரித் தண்ணீர் வரும் குளிர்நாட்டில் இதே சுருள் 15 நிமிடத்தில் 21 டிகிரிக்கு வந்துவிடும். அமெரிக்க, ஐரோப்பியக் காணொளிகளில் காட்டும் 15 நிமிடத்தின் ரகசியம் இவ்வளவுதான். அவர்கள் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் வேறு.

இனி அந்த 40 நிமிடம். உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால் இடைவெளி பாதியாக ஏறத்தாழ 12 நிமிடம் எடுத்திருக்கிறது. அந்த அளவுச் சுருளுக்கு இது மிக மெதுவு. வோர்ட்டைக் கலக்காமல் விட்டிருப்பீர்கள் என்றே தோன்றுகிறது. செப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் வோர்ட் மட்டும் சட்டென்று ஆறி, சுருளைச் சுற்றி ஒரு குளிர்ந்த போர்வையாக நின்றுவிடும்; கொஞ்சம் கொஞ்சமாக அடியில் போய்த் தங்கும். மேலே சூடான வோர்ட் அப்படியே இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் வைத்த பால் பாத்திரத்தைக் கரண்டியால் கலக்கினால் சீக்கிரம் ஆறுவதும் இதே கதைதான். சுருளையே கைப்பிடித்து மெல்ல மேலும் கீழும் அசைக்கலாம், அல்லது நீளக் கரண்டியால் ஒரே திசையில் சுழற்றலாம். விடாமல் கலக்கினால் நேரம் பாதியாகும் என்று தாராளமாக எதிர்பார்க்கலாம். சரியாக எத்தனை நிமிடம் என்பது உங்கள் குழாயின் வேகத்தையும் பாத்திரத்தின் வடிவத்தையும் பொறுத்தது, இங்கிருந்து சொல்ல முடியாது.

தடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. வோர்ட் 65 டிகிரியில் இருக்கும்போது, சுருளிலிருந்து வெளியேறும் தண்ணீரை ஒரு கோப்பையில் பிடித்துத் தெர்மாமீட்டரை வையுங்கள். 36, 37 என்று காட்டினால் தண்ணீர் வேண்டிய அளவு ஓடுகிறது, வெப்பம்தான் அதற்குள் வந்து சேரவில்லை என்று பொருள். கலக்குங்கள். கலக்கத் தொடங்கிய சில விநாடிகளில் அதே கோப்பையில் 43, 44 என்று ஏறுவதைப் பார்க்கலாம். மாறாக 58, 60 என்று காட்டினால் தண்ணீர் போதவில்லை, குழாயை இன்னும் திறங்கள். வெளியேறும் தண்ணீர் உள்ளே போவதைவிட ஓரிரு டிகிரிதான் கூடுதல் என்ற நிலை வந்துவிட்டால் குழாய்த் தண்ணீரின் வேலை முடிந்தது, மூடிவிடலாம்.

சுருளை 15 மீட்டராக்கினால் பலன் உண்டு, ஆனால் இரட்டிப்பு வேகம் வராது. பின்பாதிக்குப் போகும்போது தண்ணீர் ஏற்கெனவே சூடேறியிருக்கும். குழாய் நீண்டால் உராய்வு கூடி ஓட்டமும் குறையும். அதனால்தான் நீளச் சுருள்களை 12.7 மி.மீ. குழாயில் செய்கிறார்கள். செப்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்ற சண்டையிலும் சாரம் குறைவு. செப்பு ஸ்டீலைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் குழாய்ச் சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வெப்பம் திணறுவது சுவரைக் கடப்பதில் அல்ல, அதை ஒட்டி நிற்கும் வோர்ட்டைக் கடப்பதில். கலக்கிய ஸ்டீல் சுருள் கலக்காத செப்புச் சுருளை எளிதாக முந்தும்.

பிளேட் சில்லர் வேகமானதுதான். வோர்ட்டும் தண்ணீரும் எதிரெதிர்த் திசையில் மெல்லிய தகடுகளுக்கு இடையே ஓடுவதால், உள்ளே வரும் தண்ணீரைவிட இரண்டு மூன்று டிகிரி மட்டும் கூடுதலான சூட்டில் வோர்ட் வெளியே வரும். உங்கள் வீட்டில் அது 31, 32. அதற்குப் பிறகும் ஐஸ் வேண்டும். அதோடு ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) துகளும் வண்டலும் தகடுகளுக்குள் அடைத்துக்கொள்ளும், உள்ளே எவ்வளவு சுத்தம் என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. ஒவ்வொரு முறையும் பின்பக்கமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, சூடான சோடியம் பெர்கார்பனேட் கரைசலைச் சுற்றவிட வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டப்படி வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் வரம்பு, அதுவும் சொந்த உபயோகத்துக்கு, விற்கக் கூடாது. 20 லிட்டர் என்றால் மாதம் ஒரு முறை. மாதம் ஒரு முறைக்கு இந்தப் பராமரிப்பு தேவையா என்று யோசியுங்கள். (தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கே உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவதே மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.)

வாங்கத்தான் வேண்டும் என்றால் தண்ணீருக்குள் மூழ்கவைக்கும் சின்ன பம்ப் ஒன்று வாங்குங்கள், மீன் தொட்டிக்கு விற்பார்களே, அது. பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றும் என்பது. ஒரு மீட்டர் மட்டுமே ஏற்றும் பம்பைத் தரையில் வைத்த வாளியில் போட்டால், அடுப்பு மேடையிலிருக்கும் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டிச் சுருளுக்குள் தண்ணீர் போகவே போகாது. மூன்று மீட்டர் ஏற்றுவதாக வாங்குங்கள், அல்லது வாளியையும் மேடை மீதே வையுங்கள்.

கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது கழுவிய சுருளை வோர்ட்டுக்குள் இறக்குங்கள். கொதியே அதைத் தூய்மையாக்கிவிடும். அடுப்பை அணைத்ததும் குழாயை மெதுவாகத் திறந்து, கலக்கிக்கொண்டே 38, 37 வரை இறக்குங்கள். வோர்ட் 80 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை மூடி போட வேண்டாம். அதற்குப் பிறகு, கலக்க இடம் விட்டு, பாதி மூடிக்கொள்ளலாம். 70-க்குக் கீழே வந்துவிட்டால் கரண்டி சானிடைசரில் முக்கியதாக இருக்க வேண்டும், நடுவில் மேடைமேல் வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் போடக் கூடாது. இந்த நேரத்தில் வாளியில் ஐஸைத் தயார் செய்யுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாளியில் 5 லிட்டர் குழாய்த் தண்ணீரை ஊற்றி அதில் ஐஸைப் போட்டால், அந்தத் தண்ணீரை 29-லிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவரவே 1.8 கிலோ ஐஸ் கரைந்துவிடும். வோர்ட்டுக்கு அதில் ஒரு பயனும் இல்லை. முந்தின நாளே 5 லிட்டர் தண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். 5 டிகிரித் தண்ணீர் என்றால் அந்தச் செலவு 300 கிராமாகக் குறையும்.

பிறகு குழாயைக் கழற்றிவிட்டு பம்பை இணையுங்கள். முதலில் வெளியேறும் ஏறத்தாழ அரை லிட்டர், சுருளுக்குள் தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீர். அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அதன் பிறகே வெளிக்குழாயைத் திருப்பி ஐஸ் வாளிக்குள் விடுங்கள். வாளியையும் ஒரு கையால் கிளறிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பி வரும் சூட்டுத் தண்ணீரையே பம்ப் உறிஞ்சி அனுப்பும். நல்ல வேகத்தில் கலக்கினால் தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஐஸ் உருகும். 4 கிலோ ஐஸ் கணக்குப்படி சரியாக இருக்கும், 6 கிலோ வைத்துக்கொண்டால் கவலை இல்லை. பத்து நிமிடத்தில், மிஞ்சினால் பதினைந்தில், 20 டிகிரி வந்துவிட வேண்டும். கடை ஐஸுக்குப் பதில் தண்ணீர் நிரப்பி உறையவைத்த பெட் பாட்டில்களும் போடலாம், செலவு மிச்சம். ஆனால் பிளாஸ்டிக் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், உடைத்த ஐஸ் அளவுக்கு வேகம் வராது. ஐஸை நேரடியாக வோர்ட்டில் போட மட்டும் வேண்டாம். உறைவதால் கிருமி சாகாது.

சில விபத்துகள் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் நடக்கின்றன. போன முறை மிஞ்சிய தண்ணீர் உள்ளே இருக்கச் சுருளைக் கொதிக்கும் வோர்ட்டில் இறக்கினால், அது ஆவியாகிக் குழாயின் மறுமுனையிலிருந்து கொதிநீரைப் பீய்ச்சும். இறக்குவதற்கு முன்பே இரண்டு முனைகளையும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விட்டுவிடுங்கள். வெளியேறும் தண்ணீர் தொடக்கத்தில் நல்ல சூடாக இருப்பதால் சாதாரண வினைல் குழாய் இளகிக் கழன்றுவிடும். அந்தப் பக்கத்துக்கு சிலிக்கான் குழாயும் ஸ்டீல் கிளாம்பும் போடுங்கள். இணைப்புகள் பாத்திரத்தின் விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும். விளிம்புக்கு உள்ளே இருந்தால், சொட்டுகிற ஒவ்வொரு துளியும் காய்ச்சாத தண்ணீராக வோர்ட்டில் கலக்கும். செப்பில் பச்சை படிந்திருந்தால் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து எடுத்த பிறகே உபயோகிக்க வேண்டும், அது நச்சு. கொதித்து வெளியே வந்ததும் சுருள் பளபளப்பது, மேலிருந்த மங்கல் படலத்தை வோர்ட்டின் அமிலம் கரைத்ததால். அந்த அளவு மங்கலுக்குப் பயப்பட வேண்டாம். தெர்மாமீட்டரைக் கலக்காமல் வைத்துப் பார்த்து ஏமாறுவதும் வழக்கம். பாத்திரத்தின் அடியில் பொருத்திய டயல் 24 என்று காட்டும், கலக்கிவிட்டுப் பார்த்தால் 33 இருக்கும்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்ற கேள்விக்கு, உறுதியான காரணங்களும் உண்டு, பழக்கத்தால் சொல்லப்படுபவையும் உண்டு. மால்ட்டில் உள்ள எஸ்.எம்.எம். என்ற பொருள் சூட்டில் சிதைந்து டி.எம்.எஸ். ஆகிறது, வேகவைத்த சோள வாசனை அதனால்தான். 100 டிகிரியில் அதன் பாதி சிதைய 35 முதல் 40 நிமிடம். சூடு ஆறு டிகிரி குறைந்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். கொதிக்கும்போது டி.எம்.எஸ். ஆவியோடு போய்விடும், அடுப்பை அணைத்த பிறகு உண்டாவது உள்ளேயே தங்கும். ஆகவே அவசரம் எல்லாம் 100-லிருந்து 80 வரைதான், அந்தக் கட்டத்தைக் குழாய்த் தண்ணீர் சில நிமிடத்தில் தாண்டிவிடும். ஹாப்ஸின் கசப்பு தொடர்ந்து ஏறுவதும் வாசனை பறப்பதும் முக்கியமாக அந்த எல்லைக்குள்தான். 60-க்குக் கீழே கதை வேறு: அங்கே பயம் கிருமி பற்றியது, அதற்குத் தீர்வு வேகத்தைவிடச் சுத்தமும் மூடியும். சடாரென்று குளிரவைத்தால் புரதம் திரண்டு வண்டலாகப் படியும், பீர் தெளிவாக வரும் என்பது பொதுவாகச் சரி. அந்த வண்டல் கொஞ்சம் ஃபெர்மென்டருக்குள் (பீர் நொதிக்கும் கலம்) போனால் சுவை கெடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பேல் ஏல் மால்ட் அதிகச் சூட்டில் உலர்த்தப்படுவதால் அதில் எஸ்.எம்.எம். குறைவு. பில்ஸ்னர் மால்ட்டில் செய்கிறவர்கள்தான் டி.எம்.எஸ். பற்றிக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

இந்தப் பிரிவினை உங்களுக்கு ஒரு வசதியைத் தருகிறது. ஐஸும் பம்பும் வேண்டாம் என்று பட்டால், 35 வரை குழாய்த் தண்ணீரில் இறக்கி, சுத்தமான ஃபெர்மென்டருக்கு மாற்றி, மூடி, ஃபெர்மென்டர் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க விடுங்கள். காலையில் 20-க்கு வந்ததும் நன்றாகக் குலுக்கிக் காற்றூட்டி ஈஸ்ட் போடலாம். என்னைக் கேட்டால், வெப்ப நாட்டில் இதுதான் ஆகச் சுலபமான வழி. ஒரே ஒரு கவனம்: 35-லிருந்து 20-க்கு ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 5 சதவீதம் சுருங்கும். மூன்று துண்டு ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுக்கும் திரவ அடைப்பு) பொருத்தியிருந்தால் அதிலுள்ள திரவத்தை உள்ளே இழுத்துவிடும். அன்று இரவுக்கு எஸ் வடிவ ஏர்லாக் போடுங்கள், அல்லது துளையைச் சானிடைசர் தெளித்த அலுமினியத் தாளால் மூடுங்கள். கண்ணாடிக் குடுவையில் சூடான வோர்ட்டை ஊற்ற வேண்டாம், விரிசல் விடும்.

ஆஸ்திரேலியாவில் பலர் ஆறவைப்பதையே விட்டுவிட்டார்கள். 80 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே வோர்ட்டை உணவுத் தரமுள்ள எச்.டி.பி.இ. (சூடு தாங்கும் கெட்டி பிளாஸ்டிக்) கேனில் ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக மூடி, தானாக ஆறவிடுவார்கள். நல்ல பீர் வருகிறது, சந்தேகமில்லை. சூட்டில் கூடுதல் நேரம் இருப்பதால் கசப்பு ஏறும். கடைசியில் போடும் ஹாப்ஸை 15, 20 நிமிடம் தள்ளிப் போடுங்கள் என்பது கைப்பழக்கக் கணக்கு, அதை ஒரு தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வோர்ட்டின் பி.எச். 5-க்கு மேல், உள்ளே காற்றும் இல்லை, ஈஸ்ட்டும் இல்லை. பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் 4.6-க்கு மேல் வளரக்கூடியது, அதன் வித்துகள் கொதியில் சாகாது. 30 டிகிரி அறையில் வாரக்கணக்கில் அப்படி வைத்திருப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மறுநாளே ஈஸ்ட் போட்டுவிடுங்கள். சாதாரண பெட் கேனில் இதைச் செய்தால் சூட்டில் சுருண்டு போகும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள், 20 டிகிரி எதற்கு? நார்வேப் பண்ணைகளிலிருந்து வந்த குவெய்க் வகை ஈஸ்ட்டுகள் 30 டிகிரிக்கு மேலேதான் சுறுசுறுப்பாக இயங்கும். வோஸ் என்று விற்கப்படும் வகைக்கு உகந்த சூடு 35 முதல் 40 டிகிரி. அந்த ஈஸ்ட் என்றால் நீங்கள் ‘நின்றுவிட்டது’ என்று சொன்ன 36-லேயே போட்டுவிடலாம். லேசான ஆரஞ்சு வாசனை வரும், பேல் ஏலுக்கு அது பொருந்தும். லாகர் (குளிரில் நொதிக்கும் பீர்) செய்ய வேண்டும் என்றால் மட்டும் இந்தக் குறுக்குவழி கிடையாது. அதற்கு 10, 12 டிகிரி வேண்டும், 20-க்குப் பிறகு சுருளோடு மல்லுக்கட்டாமல் பெட்டிக்குள் வைத்துவிடுவதே மேல். கலக்குவதையும் கோப்பைச் சோதனையையும் அடுத்த முறை செய்து பார்த்துவிட்டு, வோர்ட் 65-ல் இருந்தபோது வெளியேறிய தண்ணீர் எத்தனை டிகிரி, ஒரு லிட்டர் பிடிக்க எத்தனை விநாடி என்ற இரண்டு எண்களை இங்கே போடுங்கள். சுருளை நீட்டுவதில் பலன் உண்டா என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.